பெரிய ஸ்கவுட் படையா, பயிற்சியாளர்களின் கண்ணா?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இல், அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் 7 சுற்று. அவர்களைத் தேர, ஊர் ஊராகப் போய் ஆட்டத்தைப் பார்த்து மதிப்பிடும் முழுநேர ஸ்கவுட்டுகளை நிறைய வைக்கலாம். அல்லது சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி பல காலம் செய்ததுபோல், சிறிய குழுவோடு பயிற்சியாளர்களையும் அந்த வேலையில் இறக்கலாம்.

செலவு
பெரிய படை: சம்பளம், பயணம், ஊருக்கு ஊர் தங்கல்.
சிறிய குழு: மிச்சம்தான். ஆனால் ஒரு அணி இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்ற உச்சவரம்பு வீரர்களுக்கு மட்டுமே, ஸ்கவுட்டுகளுக்கு இல்லை. அதனால் இங்கே சிக்கனம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அணிக்குப் பொருத்தம்
சிறிய குழு: வீரனைப் பழக்கப்போகிறவரே தேர்வு செய்கிறார். இது பெரிய பலம்.
பெரிய படை: பயிற்சியாளரோடு பேச்சு அறுந்தால் அறிக்கைகள் வீண்.

கடைசிச் சுற்றுகள்
வித்தியாசம் தெரிவது இங்கேதான். 2020-இல் பெங்கால்ஸ் முதல் ஆளாக குவாட்டர்பேக் (பந்தை எறியும் வீரர்) ஜோ பர்ரோவை எடுக்கப் படை தேவையில்லை. ஊரே அவரைப் பார்த்திருந்தது. 2023-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி 5-ஆம் சுற்றில், 177-ஆவது ஆளாக எடுத்த புகா நகுவா அப்படியல்ல. முதல் ஆண்டிலேயே, எறிந்த பந்துகளைப் பிடித்து 1,486 யார்டு முன்னேறினார். அதுவரை எந்தப் புதுமுகமும் தொடாத அளவு. 2017 முதல் 2023 வரை ராம்ஸுக்கு முதல் சுற்றுத் தேர்வே கிடையாது. பின்சுற்றுகளில் தேடியே ஆகவேண்டிய நிலை. பயிற்சியாளர்களோ சீசன் முழுக்கத் தங்கள் ஆட்டத்தில் மூழ்கியிருப்பார்கள். சிறு கல்லூரிகளுக்குப் போக நேரமேது?

முதல் ஐந்துக்குள் தேர்வு கிடைக்கும் பலவீன அணிக்குச் சிறிய குழு சில ஆண்டு தாங்கும். ஜெயித்துக்கொண்டே பின்வரிசையில் தேர்வு செய்யும் அணிக்குப் பெரிய படைதான்.