சொட்டா, ஸ்பிரேயா, மாத்திரையா: உண்ணிக்கு எதில் காசு போடலாம்?

அல்சூர் சந்துகளில் நாய் வளர்ப்பவர்கள் மழை விட்டதும் செய்கிற முதல் வேலை, நாயின் காது மடலைப் புரட்டிப் பார்ப்பது. எங்கள் நாய் சுக்கு, தெருவில் பிறந்து எங்கள் மாடிப்படியிலேயே தங்கிப்போனவள். எடை 14 கிலோ. பெங்களூரு குளிரான ஊர் என்று பெயர்தான், உண்ணி சாகிற குளிர் இங்கே மார்கழியிலும் கிடையாது. அதனால் இந்தச் செலவு வருஷம் முழுக்க உண்டு.

கடையில் போய் நின்றால் முதலில் நீட்டுவது தண்ணீரில் கலந்து ஊற்றும் சின்ன பாட்டில். விலையில் அதை அடிக்க ஆளில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் அமிட்ராஸ், இல்லையென்றால் மாட்டுக்கு அடிக்கும் டெல்டாமெத்ரின். "மாட்டுக்கே ஊத்துறாங்க, நாய்க்கு என்னம்மா ஆவப்போது?" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. மாடு தன் உடம்பு முழுக்க நக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை, நாய் நக்கும். மூடிக் கணக்கில் ஊற்றிக் கலந்த டெல்டாமெத்ரின் வாய்க்குள் போனால் எச்சில் வடியும், உடம்பு நடுங்கும். வீட்டில் பூனை இருந்தால் இந்த மருந்தை நினைக்கவே வேண்டாம், பூனையின் ஈரலுக்கு அதை உடைத்து வெளியேற்றும் திறன் இல்லை. அமிட்ராஸ் உண்ணியை நன்றாகவே கொல்லும். ஆனால் நாயை மந்தமாக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும், ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும் குட்டிகளுக்கும் ஆகாது. தெள்ளுப்பூச்சிக்கு இது சரியான மருந்தும் இல்லை. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், லேபிளில் உள்ள அளவில் கலக்கும் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும் இது மலிவு. எங்கள் வீட்டுக் குளியலறை நாலடிக்கு நாலடி, ஜன்னல் கிடையாது.

அடுத்தது பிப்ரோனில் சொட்டு. பிரன்ட்லைன் (Frontline) முதலில் கொண்டுவந்த மருந்து, இப்போது உள்ளூர்க் கம்பெனிகளும் பாதி விலைக்கு அதே சரக்கைத் தருகின்றன. இதில் பிராண்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, மருந்தின் பெயரையும் எடைப் பிரிவையும் பார்த்தால் போதும். 10 முதல் 20 கிலோ நாய்க்கு 1.34 மில்லி. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் போய்த் தங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடம்பெங்கும் பரவும். உண்ணிக்கு நாலு வாரம் வரை, தெள்ளுக்கு அதைவிடக் கூடுதலாக வேலை செய்யும்.

"போட்டேன், ஒன்றுமே ஆகவில்லை" என்று சொல்பவர்களிடம் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் முடி மேல் ஊற்றியிருப்பார்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே முடியை விலக்கி, வெள்ளையாகத் தோல் தெரிகிற இடத்தில் விட வேண்டும். போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளியல் கூடாது. வாராவாரம் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிற வீட்டில் இதன் ஆயுசு நாலு வாரம் நிற்காது. அப்படிப்பட்டவர்கள் மாதத்துக்கு இரண்டு தடவை வாங்குவதைவிட வேறு மருந்துக்கு மாறுவது மேல். வீட்டில் முயல் இருந்தால் பிப்ரோனில் கூடவே கூடாது, முயலுக்கு அது விஷம்.

அதே பிப்ரோனில் ஸ்பிரேயாகவும் வருகிறது. பலர் ஏமாறுவது இதில்தான். சொல்லப்பட்ட அளவு ஒரு கிலோவுக்கு 3 முதல் 6 மில்லி. சுக்குவின் 14 கிலோவுக்குக் குறைந்தது 42 மில்லி, முடி அடர்த்தியாக இருந்தால் 84 வரை. அதாவது 100 மில்லி பாட்டில் இரண்டு தடவைகூட உறுதியாக வராது. நாமோ முதுகில் நாலு புஸ், வாலில் இரண்டு புஸ் அடித்துவிட்டு ஆறு மாதம் வைத்துக்கொள்கிறோம். அந்த அளவில் அது மருந்தே இல்லை, வாசனைதான். ஆனால் ஒரு இடத்தில் ஸ்பிரேயை மிஞ்ச எதுவும் இல்லை: பிறந்து இரண்டு நாள் ஆன குட்டிக்கும் பிரன்ட்லைன் ஸ்பிரேயை அடிக்கலாம். ஒரு கிலோகூட இல்லாத தெருக்குட்டிகளுக்குச் செலவும் சொற்பம்.

கழுத்துப்பட்டை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புளுமெத்ரின் கலந்த நல்ல பட்டை மாதக்கணக்கில் நிற்கும், உண்ணி கடிக்கும் முன்பே அதை விரட்டும். ஆனால் தோலைத் தொடும்படி இறுக்கமாக இருக்க வேண்டும், அடுத்த நாய் விளையாட்டாகக் கடித்து விழுங்கக் கூடாது. தெருநாய்களோடு உருண்டு புரளும் எங்கள் சுக்குவிடம் ஒரு சாதாரணப் பட்டையே ஒரு வாரம் தங்கியதில்லை.

இனி மாத்திரை. புளுராலனர் (பிராவெக்டோ), அபாக்சோலனர் (நெக்ஸ்கார்ட்), சரோலனர் (சிம்பாரிகா) எல்லாம் ஒரே குடும்பம், ஐசாக்சசோலின். ரத்தத்தில் கலந்து நிற்கும், கடித்த உண்ணியும் தெள்ளும் நரம்பு அளவுக்கு மீறித் தூண்டப்பட்டுச் சாகும். குளியல், மழை, ஏரிக்கரைச் சேறு எதுவும் இதைத் தொடாது. தோலில் ஒன்றும் இல்லாததால் குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கலாம். புளுராலனர் 12 வாரம், மற்ற இரண்டும் மாதம் ஒன்று. மூன்று மாத மாத்திரையின் விலையைக் கேட்டு நானும் முதலில் கடையை விட்டு இறங்கி வந்தவள்தான். வீட்டுக்கு வந்து மூன்றால் வகுத்துப் பார்த்தேன். மாதாமாதம் வாங்கும் நல்ல சொட்டுக்கும் அதற்கும் கடையில் தெரிந்த அளவு இடைவெளி இல்லை. மறந்துபோகும் மாதங்களும் குறையும், என்னைப் போன்றவர்களுக்கு அதற்கே தனி விலை கொடுக்கலாம்.

மாத்திரையிலும் காசு ஒளிந்திருப்பது எடைப் பிரிவில். அபாக்சோலனரில் 10 கிலோ தாண்டினால் 25 வரை ஒரே மாத்திரை, ஒரே விலை. 11 கிலோ நாய் 25 கிலோ நாயின் காசைக் கொடுக்கிறது. சரோலனரில் 10-20 என்று தனிப் பிரிவு, புளுராலனரிலும் அப்படியே. ஆகவே முதலில் நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பெரிய மாத்திரையை வாங்கி இரண்டு நாய்க்குப் பிய்த்துக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம், மருந்து இரண்டு துண்டிலும் சமமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

குறையும் உண்டு. 2018-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தக் குடும்பம் முழுவதற்கும் எச்சரிக்கை விட்டது: சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம். மருந்தைத் திரும்பப் பெறவில்லை, பெரும்பாலான நாய்களுக்கு ஏற்றது என்றே சொன்னது. ஆனால் ஏற்கெனவே வலிப்பு உள்ள நாய் என்றால் நான் சொட்டோடு நின்றுகொள்வேன், அல்லது டாக்டரிடம் அதைச் சொல்லாமல் வாங்க மாட்டேன். இன்னொன்று, மாத்திரை வேலை செய்ய உண்ணி கடித்தாக வேண்டும். பபேசியா, எர்லிக்கியா இரண்டும் உண்ணி பரப்பும் ரத்த நோய்கள். பபேசியா தொற்ற ஒன்றிரண்டு நாள் கடி தேவை, அதற்குள் உண்ணி செத்துவிடும். எர்லிக்கியா சில மணி நேரத்திலேயே பரவக்கூடும். அதனால் மாத்திரை கொடுத்தாலும் நடந்துவிட்டு வந்ததும் காது, விரலிடுக்கு, அக்குளைத் தடவிப் பார்ப்பதை நான் விடவில்லை. சாப்பாட்டை ஒதுக்கிக் காய்ச்சலோடு படுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூத்திரம் காப்பி நிறத்தில் போனாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை.

சிலர் போடும் ஐவர்மெக்டின் ஊசியை இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை. உண்ணி தடுப்புக்கு அது நம்பகமானதல்ல. கோலி (collie) என்ற ஆடு மேய்க்கும் வகை நாய்களில் பலவற்றுக்கு மரபணுக் கோளாறு காரணமாக மருந்து மூளைக்குள் போய் உயிரையே எடுக்கும். தெரு நாயில் என்ன கலப்பு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வேப்பெண்ணெயின் வாடை போனதும் காவலும் போய்விடும். பூண்டைச் சோற்றில் பிசைந்து போடாதீர்கள், வெங்காயம் போலவே அதுவும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். மண்ணெண்ணெய் தடவுவது பற்றிப் பேச்சே வேண்டாம்.

எந்த மருந்தை எடுத்தாலும் ஒரு மாதத்தில் முடிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இங்கே நாயில் ஏறும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். குஞ்சு, இளசு, முதிர்ந்தது என்று மூன்று பருவத்திலும் ஒவ்வொரு தடவை ரத்தம் குடித்துக் கீழே விழும். பெண் உண்ணி கடைசித் தடவை விழுந்ததும் சுவரேறி, விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பொரிந்து வரும் குஞ்சுகள் சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் அங்கேயே காத்திருக்கும். தெள்ளும் அப்படித்தான், நாய் மேல் தெரிவது கொஞ்சம், மிச்சமெல்லாம் பாயிலும் தரையிடுக்கிலும். போன வருஷம் வாடகை வீட்டுச் சுவரின் விரிசல்களுக்கு நாங்களே வெள்ளைச் சிமெண்ட் பூசினோம், சுக்குவின் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டோம். மாத்திரையோடு சேர்த்து மூன்றாவது மாதம்தான் காது மடல் சுத்தமாக இருந்தது.

இப்போது சுக்குவுக்கு மூன்று மாத மாத்திரை, வயிறு நிறையச் சோறு போட்ட கையோடு. அது சாப்பாட்டோடு போனால்தான் உடம்பில் ஒழுங்காகச் சேரும். தெருவில் எங்களை நம்பி இருக்கும் இரண்டு பெரிய நாய்களைத் தொட்டுச் சொட்டு விட முடியாது. அவற்றுக்கும் அதே மாத்திரை ஈரல் துண்டுக்குள் போகிறது, செலவைச் சந்தில் நாலு வீடு பங்கிடுகிறோம். மாடிப்படிக்கு அடியில் இந்த ஆவணியில் பிறந்த மூன்று குட்டிகளுக்கு ஒரு ஸ்பிரே பாட்டில்.