பின்சக்கர பிக்கப்பை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றலாமா? வழிகளின் ஒப்பீடு

பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை செல்லும் பிக்கப்பை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்ற விரும்புபவர்கள் பெரும்பாலும் முன் ஆக்சிலையும் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு), விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் தேடுவதிலிருந்தே வேலையைத் தொடங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ்தான் என்பது என் உறுதியான கருத்து. எந்த வழி தகும், எது வீண் செலவு என்பதை அதுவே பெருமளவு தீர்மானிக்கிறது.

1950களில் மினியாபொலிஸ் நகரின் நாப்கோ நிறுவனம் செவர்லே, ஜிஎம்சி பிக்கப்களுக்கான மாற்றுத் தொகுப்பை விற்றது. 1957இல் செவர்லே பிக்கப்பில் அதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி வாங்கும் வசதியும் வந்தது. அக்கால பிக்கப்பின் முன்புறம் பட்டை ஸ்பிரிங்கின் மேல் அமைந்த, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டான பீம் ஆக்சிலாக இருந்ததால், அதைக் கழற்றிவிட்டு விசை செல்லும் ஆக்சிலைப் பொருத்துவது பெரிய வேலையாக இருக்கவில்லை. பின்னர் பின்சக்கர மாடல்களுக்குத் தனித்தனியாக அசையும் முன் சஸ்பென்ஷன் வந்ததும் நிலைமை மாறியது. 1973 முதல் 1987 வரை வந்த செவர்லே பிக்கப்களில் பின்சக்கர மாடலுக்கு முன்னால் காயில் ஸ்பிரிங்கும், நான்கு சக்கர மாடலுக்குப் பட்டை ஸ்பிரிங்கோடு முழு ஆக்சிலும் இருந்தன. வெளியே ஒரே வண்டியாகத் தோன்றினாலும் அடியில் இரண்டும் வேறு.

முதல் வழி, அதே மாடலின் நான்கு சக்கர வண்டி ஒன்றை முழுதாக வாங்கி, அதன் உறுப்புகளைத் தன் வண்டிக்கு மாற்றுவது. முன் டிஃபரன்ஷியல் (விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரிப்பது), டிரான்ஸ்ஃபர் கேஸ், அங்கிருந்து விசையைக் கொண்டுசெல்லும் இரண்டு ஷாஃப்டுகள், கியர்பாக்ஸ் என்று பட்டியல் நீளும். கியர்பாக்ஸையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம், பின்சக்கர வண்டியின் கியர்பாக்ஸ் வெளியேற்றத் தண்டும் அதன் பின்மூடியும் பொதுவாக டிரான்ஸ்ஃபர் கேஸை ஏற்கும் வடிவில் இருப்பதில்லை. பல மாடல்களில் முன் டிஃபரன்ஷியலுக்கு இடம் விட, இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் ஆயில் சம்ப்பையும் மாற்ற வேண்டியிருக்கும். பழைய பின் ஆக்சிலை வைத்துக்கொண்டு முன் ஆக்சிலை மட்டும் கொண்டுவருபவர் இரண்டின் கிரவுன்-பினியன் விகிதத்தையும் (சக்கரம் ஒரு முறை சுழல ஷாஃப்ட் எத்தனை முறை சுழல வேண்டும் என்பது) கட்டாயம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பின்னால் 3.73, முன்னால் 4.10 என்றிருந்தால் நான்கு சக்கர இயக்கத்தில் போட்ட உடனே முன்னும் பின்னும் ஒன்றையொன்று எதிர்த்துத் திருகத் தொடங்கும். அந்தச் சுமையை டயரும் ஷாஃப்டும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தாங்க வேண்டிவரும். புதிய வண்டிகளில் கணினியும் ஏபிஎஸ் அமைப்பும் புதிய உறுப்புகளை அறிந்தாக வேண்டும் என்பதால் வயரிங்கையும் சேர்த்தே எடுப்பது நல்லது. உதிரியாக ஒவ்வொன்றாக வாங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

இரு மாடல்களுக்கும் சேசிஸ் ஒன்றாகவே இருந்தால் இந்த வழியே சிறந்தது. 1998 மாடலாக அறிமுகமான டொயோட்டா டகோமா பிரீரன்னர் பின்சக்கர வண்டிதான் என்றாலும், நான்கு சக்கர மாடலின் உயரத்தோடும் ஆறு போல்ட் சக்கரத்தோடும் கட்டப்பட்டது. ஐந்து போல்ட் சக்கரம் கொண்ட தாழ்வான அடிப்படை மாடலை மாற்றுவதைவிட இதை மாற்றுவது பல மடங்கு எளிது.

இரண்டாவது வழி, முன் சஸ்பென்ஷனை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு முழு ஆக்சிலைப் பட்டை ஸ்பிரிங்கில் ஏற்றுவது. பாறையும் பள்ளமும் நிறைந்த தடத்தில் இதன் வலிமைக்கும் சக்கர அசைவுக்கும் ஈடு குறைவு. டொயோட்டா 1986 மாடலிலிருந்து அமெரிக்கச் சந்தையின் நான்கு சக்கர பிக்கப்பில் முழு ஆக்சிலை விட்டுத் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறிய பின்பும், பலர் பழைய முறைக்கே வண்டியைத் திருப்பியதற்கு இதுவே காரணம். ஆனால் ஸ்பிரிங் தாங்கிகளை சேசிஸில் வெல்டிங் செய்யும் கை தேர்ந்ததாக இருக்க வேண்டும். ஸ்டீயரிங் இணைப்புத் தண்டுகளின் கோணம் தவறினால், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டி தானாகப் பக்கம் திரும்பும். நெடுஞ்சாலையில் அன்றாடம் ஓடும் வண்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்கு சக்கர மாடலின் சேசிஸ் மீது தன் வண்டியின் கேபினையும் பெட்டியையும் தூக்கி வைப்பது மூன்றாவது வழி. சுமை தூக்கும் வசதியும் இடமும் உள்ளவருக்கு, பொருந்தாத சேசிஸை வெட்டி ஒட்டுவதைவிட இது சுத்தமான வேலை. சேசிஸ் எண் மாறுவதால் பதிவு ஆவணங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம்.

மாற்றாமலேயே சமாளிக்கும் வழியைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பின்சக்கரம் வழுக்கினால், பிடிப்புள்ள மற்றச் சக்கரத்துக்கும் அந்த அற்ப விசையே கிடைக்கும். பின் ஆக்சிலில் இரு சக்கரங்களையும் பூட்டி ஒன்றாகச் சுழல வைக்கும் ஒரு லாக்கரும், தடத்துக்கு ஏற்ற டயரும், வெறும் பெட்டியில் சிறிது பாரமும் சேர்ந்தால் மண் பாதைகளில் பெரும்பாலானவற்றை வண்டி கடந்துவிடும். ஏற்றத்தில் எடை பின்னுக்குச் சாய்வதும் இதற்குத் துணை. பக்கவாட்டுச் சரிவில் ஈரம் இருந்தால் நிலைமை வேறு: லாக்கரால் இணைந்த இரு பின்சக்கரங்களும் ஒருசேர வழுக்க, வண்டியின் பின்பகுதி கீழ்ப்பக்கம் சறுக்கும்; முன்னிருந்து இழுத்து நேராக்கச் சக்கரம் இல்லை. செங்குத்தான இறக்கத்தில், டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் மெதுவோட்டத்துக்கான லோ கியர் இல்லாத குறையும் தெரியும். உதாரணமாக, என்பி 231 என்ற டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம் 2.72; இன்ஜினே வேகத்தைத் தடுக்கும் இன்ஜின் பிரேக்கிங்கை அந்த அளவு பெருக்கித் தர லாக்கரால் முடியாது.

வண்டியை விற்று, தொழிற்சாலையிலேயே நான்கு சக்கர இயக்கத்தோடு வந்ததை வாங்குவதே மிகப் பலருக்குச் சிக்கனமான வழி. மாற்றத்துக்குச் செலவிட்டது விற்கும்போது திரும்பக் கிடைப்பது அரிது. காப்பீட்டு நிறுவனம் மாற்றங்களைப் பற்றிக் கேள்வி கேட்கவும் கூடும். கைவசமுள்ள வண்டியின் இன்ஜினும் உடலும் மிக நல்ல நிலையில் இருந்து, அதே மாடலின் நான்கு சக்கர வண்டி ஒன்று உடல் நசுங்கியோ துருப்பிடித்தோ, ஆனால் அடிப்பகுதி கெடாமல் முழுதாகக் கையருகே கிடைத்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போதும் அதைப் பிரிப்பதற்கு முன் ஓட்டிப் பார்த்து, லோ கியர் சரியாக விழுகிறதா, முன் டிஃபரன்ஷியலில் சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட வேண்டும்.