165 பவுண்ட் போச்சு! பழைய கம்ப்யூட்டர் கேம் வாங்குகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

வயிற்றெரிச்சல் தாங்கவில்லை, சூட்டோடு எழுதிவிடுகிறேன். லண்டனில் பழைய கேம்களை வாட்ஸாப்பில் விற்கும் ஒரு கடை. பெயர் போட்டால் வம்பு வரும். கமடோர் 64 என்ற எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டர், அதில் கேம் ஏற்றும் கேசட் டெக், டபுள் டிராகன் என்ற சண்டை கேமின் கேசட், மூன்றும் சேர்த்து 165 பவுண்ட்.

வாங்கும் முன்பே தெளிவாகக் கேட்டேன்: "அண்ணே, காசு போட்டு ஆடுவோமே, அந்த மெஷின்ல இருந்த மாதிரியே இருக்குமா?" உடனே ஒரு வீடியோ வந்தது. பளிச்சென்ற நிறம், எதிரியின் முடியைப் பிடித்து முழங்காலால் இடிப்பது, எல்லாம் அச்சு அசல். "அப்படியே இருக்கும் தம்பி. நம்ம ஆளுக்கு நான் பொய் சொல்வேனா?" என்றார். தமிழில் அப்படிச் சொன்னால் மனசு இளகாதா? "நண்பருக்கு அனுப்புற மாதிரி போட்டுவிடுங்க, கமிஷன் மிச்சம்" என்றார். போட்டுவிட்டேன்.

பெட்டி வந்தது. கேம் ஏற, கேசட் ஓடி முடியும் வரை காத்திருந்து பார்த்தால், ஹீரோவுக்கு இடுப்பே இல்லை! மேல்பாதி தனி, கீழ்பாதி தனி, நடுவே ஒரு கோடு. அதன் வழியாகப் பின்னால் இருக்கும் சுவர் தெரிகிறது. கமடோரில் ஒரு ஸ்ப்ரைட், அதாவது திரையில் நகரும் சிறு படம், 24 புள்ளி அகலம், 21 புள்ளி உயரம்தான். உயரமான ஆளைக் காட்ட இரண்டை மேலும் கீழுமாக வைத்திருக்கிறார்கள், ஒட்டத்தான் இல்லை. காசு போடும் ஒரிஜினல் மெஷினில் குத்து, உதை, குதி மூன்றுக்கும் தனித்தனி பட்டன். இங்கே ஜாய்ஸ்டிக்கில் ஒரே பட்டன். குத்த நினைத்தால் உதைக்கிறான்.

அவர் அனுப்பிய வீடியோ 1987-இல் வந்த, காசு போட்டு ஆடும் பெரிய மெஷினுடையது. எனக்கு வந்தது 1988-இல் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய கேசட். அந்தக் காலத்திலேயே கேசட் உறையில் பெரிய மெஷினின் படத்தைப் போட்டு விற்றவர்கள் உண்டு. இவர் அதையே வாட்ஸாப்பில் செய்கிறார். கமடோர் மேல் எனக்குக் கோபமில்லை, இதே கமடோரில் பபிள் பாபிள் என்ற கேம் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது!

பணத்தைக் கேட்டேன். முதலில் "பார்த்துச் சொல்றேன் தம்பி." அப்புறம் "இது பழைய பொருள், இப்படித்தான் இருக்கும்." ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல இங்கே சட்டம் இருக்கிறதே என்றேன். அதுவரை "நம்ம கடை, நம்ம கடை" என்றவர், "நான் கடை இல்லையே, தனியாள்தானே" என்கிறார்! அந்தச் சட்டம் தனியாளிடம் வாங்கினால் செல்லாது என்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார். கடைசியாக நீல டிக் மட்டும். இன்று காலை பிளாக். 165 பவுண்ட்!

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பொருள் வாங்கும்போது, நண்பருக்கு அனுப்புவதாகக் காட்டி யாருக்கும் பணம் போடாதீர்கள், திரும்ப வாங்குவது ரொம்பக் கஷ்டம். கேம் பெயரோடு மெஷின் பெயரையும் சேர்த்து யூடியூபில் தேடிப் பாருங்கள். விற்கிறவர் வீடியோ அனுப்பினால், அதே மெஷின், அதே டிவி, கேசட் ஓடுவது எல்லாம் ஒரே வீடியோவில் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.