டெல்டா சமையலறையில் இன்ஸ்டன்ட் ஈஸ்ட்: ஒரு மதிப்பீடு

கும்பகோணம் கடைத்தெருவில் கேக் சாமான்கள் விற்கும் கடைகளில், ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் மூன்று விதமாகக் கிடைக்கிறது. காற்றை முழுவதும் நீக்கிக் கெட்டியாக அடைத்த 500 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்று. சிறு உறைகளில் வரும் ஆக்டிவ் டிரை ஈஸ்ட் மற்றொன்று. பெரிய பாக்கெட்டைக் கடைக்காரரே பிரித்து, நிறுத்து, பாலிதீன் கவரில் போட்டுத் தருவது மூன்றாவது. வீட்டில் எளிய ரொட்டி சுட விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது முதலாவதை. மூன்றாவதை யாரும் வாங்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்ஸ்டன்ட் ஈஸ்ட் வெளிர் பழுப்பு நிறத்தில், மெல்லிய குச்சிகளை ஒடித்துப் போட்ட மாதிரி சிறு துகள்களாக இருக்கும். ஆக்டிவ் டிரை ஈஸ்டின் உருண்டை மணிகளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நுரை கட்டிய பின்னரே மாவில் சேர்க்க வேண்டும்; இன்ஸ்டன்ட் ஈஸ்டுக்கு அந்த வேலை இல்லை, மைதாவிலேயே நேராகக் கலந்துவிடலாம். இந்த வசதியில் ஒரு பெரிய ஆபத்தும் விலகிவிடுகிறது. ஈஸ்ட் உயிருள்ள நுண்ணுயிர். 55 முதல் 60 டிகிரி வெப்பத்தில் செத்துவிடும். 'வெதுவெதுப்பு' என்பதைக் கைக்கணக்கில் பார்ப்பவர்கள் கொதிநீரைக் கொஞ்சம் தாராளமாக விளாவிவிட்டு, பிறகு ஈஸ்ட் சரியில்லை என்று கடையைக் குறை சொல்வது வழக்கமாக நடப்பதுதான்.

என் குறையெல்லாம் பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் செய்முறை பற்றியது. கால் கிலோ மாவுக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் ஈஸ்ட் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து, கதகதப்பான இடத்தில் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லும் குறிப்பு குளிர்ப்பிரதேசத்துக்காக எழுதப்பட்டது. அக்கினி நட்சத்திரத்தில் தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ சமையலறையே 35 டிகிரியைத் தாண்டும். பிசைந்த மாவு 25 டிகிரியை ஒட்டி இருப்பதே ரொட்டிக்கு நல்லது. குறிப்பை அப்படியே பின்பற்றினால் மாவு அவசரமாக உப்பி, புளித்த வாடை வீசி, அடுப்பில் ஏற்றியதும் அமுங்கிப்போகும். சித்திரையில் இட்லி மாவு பாத்திரத்தை விட்டு வழிவதைப் பார்த்த நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: இட்லி மாவைப் பெரும்பாலும் பொங்கவைப்பவை அரிசியோடும் உளுந்தோடும் வரும் பாக்டீரியாக்கள், ரொட்டி மாவில் அந்த வேலையைச் செய்வது நாம் சேர்க்கும் ஈஸ்ட். அதனால் அளவைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

எனக்குச் சரியாக வந்த அளவு இது: மைதா 250 கிராம், தண்ணீர் 160 மில்லி, உப்பு 5 கிராம், சர்க்கரை இரண்டு டீஸ்பூன், வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. ஈஸ்ட் மார்கழியில் ஒரு டீஸ்பூன், கோடையில் அரை டீஸ்பூன் போதும்; கோடையில் பானைத் தண்ணீரையே ஊற்றிப் பிசையலாம். ஐப்பசி அடைமழையில் மாவே ஈரம் இழுத்திருக்கும் என்பதால் தண்ணீரில் ஒரு கரண்டி குறைக்க வேண்டும். கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு தூவாமல் பத்து நிமிடம் பொறுமையாகப் பிசைந்தால், ஒரு சிறு துண்டை இழுத்துப் பிடிக்கையில் கிழியாமல் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக விரியும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பார்க்க வேண்டும். இரட்டிப்பானதும் அழுத்திக் காற்றை நீக்கி, அச்சில் வைத்து, மறுபடி எழும்பிய பின் 200 டிகிரியில் அரை மணி நேரம் சுடலாம். அடிப்புறத்தைத் தட்டினால் வெற்றொலி கேட்க வேண்டும். ஆறுவதற்கு முன் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

மூன்றாவது விதத்துக்கு வருகிறேன். ஒரு கடையில் ஸ்டேப்ளர் பின் அடித்த கவரைக் கையில் வாங்கி, தேதி எங்கே என்று கேட்டதற்கு, "போன வாரம்தான் பிரிச்சது சார், இதுக்கெல்லாம் யாரு தேதி பாக்குறா?" என்றார் கடைக்காரர். கவருக்குள் துகள்கள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. காற்றும் ஈரமும் பட்ட ஈஸ்ட் நாளுக்கு நாள் வலுவிழக்கும். அரை டம்ளர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையோடு அதைக் கலந்து வைத்தபோது, பத்து நிமிடத்தில் எழும்பி நிற்க வேண்டிய நுரைக்குப் பதிலாக ஓரத்தில் சில குமிழிகளே தெரிந்தன. பிரிக்காத பாக்கெட்டிலோ தயாரிப்புத் தேதியும் காலாவதித் தேதியும் இருக்கும். விரலால் அழுத்தினால் கல்லாக இருந்தால் காற்றுப் புகவில்லை என்று நம்பலாம்.

பிரித்தபின் காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில் மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில மாதங்களும், ஃப்ரீசரில் அதற்கு மேலும் தாங்கும். கிராம் கணக்கில் பார்த்தால் சிறு உறைகளைவிட விலையும் குறைவு. இருந்தாலும், மாதம் ஒரு முறை மட்டும் ரொட்டி சுடும் வீட்டுக்கு அரைக் கிலோ அதிகம்தான். அவர்கள் சிறு உறையை வாங்கலாம். அல்லது அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு பாக்கெட் வாங்கி, பிரித்த அன்றே பங்கிட்டு, பாட்டிலில் தேதியை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.