எகிப்தியக் கல்லறைக் கலை, பிள்ளைகளின் களிமண்: ஜாடியா, பொம்மையா, நீர்யானையா, வீடா?

எகிப்து என்றதும் பிள்ளைகள் கேட்பது பழைய எகிப்து மன்னர் துத்தன்காமுனின் முகமூடியைத்தான். நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பத்துக் கிலோவுக்கு மேல் தங்கத்தில் அடித்துச் செய்த பொருள் அது. நம் வகுப்பில் அது பலூன் மேல் அப்பிய மண்ணுக்குத் தங்கப் பெயின்ட் அடிப்பதாகத்தான் முடியும். போட்டோவில் நன்றாக வரும், கைக்கு ஒன்றும் வராது. கல்லறையில் வைத்த பொருள்களில் மீதி நான்கில் எதைச் செய்வது என்பதுதான் கேள்வி: கனோபிக் ஜாடி, உஷப்தி என்ற பொம்மை, நீல நீர்யானை, ஆன்ம வீடு என்ற சின்ன மண் வீடு. என் ஓட்டு கடைசிக்குத்தான், ஆனால் எல்லா வயதுக்கும் இல்லை.

ஆசிரியர்கள் அதிகம் கையில் எடுப்பது ஜாடியை. அதில் கதை இருக்கிறது. உடலைப் பதப்படுத்தும்போது வெளியே எடுத்த உறுப்புகளுக்கு நான்கு ஜாடிகள், காவலுக்கு ஹோரஸ் கடவுளின் நான்கு மகன்கள், அவர்கள் தலைதான் மூடி. மனிதத் தலை இம்செத்தி கல்லீரலுக்கு, பபூன் குரங்குத் தலை ஹாப்பி நுரையீரலுக்கு, குள்ளநரித் தலை துவாமுதெஃப் இரைப்பைக்கு, வல்லூறுத் தலை கெபெசெனுவெஃப் குடலுக்கு. இதயத்தை உடலிலேயே விட்டுவிட்டார்கள், மூளையை எடுத்து எறிந்துவிட்டார்கள் என்று சொன்னால் எந்த வகுப்பும் வாயைப் பிளக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: விலங்குத் தலை எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. துத்தன்காமுனின் உறுப்புப் பெட்டியில் நான்கு மூடியிலும் மன்னர் முகம்தான்.

கதை நன்று. வேலைதான் கஷ்டம், அதுவும் மூடியில். இன்று ஜாடி, அடுத்த வாரம் தலை என்று பிரித்துக் கொடுத்தால் போச்சு. காய்ந்த ஜாடிக்கு அளவு பார்த்துச் செய்த ஈர மூடி, காய்ந்ததும் சுருங்கி லொடலொடக்கும். இரண்டையும் ஒரே மண்ணில், ஒரே நாளில் செய்து, இடையில் செய்தித்தாள் துண்டு வைத்து, மூடியபடியே காயவிட வேண்டும். தலையை அடியிலிருந்து குடைய வேண்டும். அப்படிக் குடைந்தால் காது விழும், மூக்கு அமுங்கும். பத்து வயதுக்குக் கீழே இதைக் கொடுத்தால் பாதி ஜாடியை ஆசிரியரே செய்துகொண்டிருப்பார்.

கைக்கு எளிது உஷப்தி. மறுமையில் வயல்வேலைக்குக் கூப்பிட்டால் இறந்தவருக்குப் பதில் “இதோ இருக்கிறேன்” என்று எழுந்து போக வேண்டிய சின்ன உருவம் அது. மம்மி வடிவம், மார்பில் குறுக்காகக் கைகள், கையில் மண்ணைக் கொத்தும் கருவி. துத்தன்காமுனோடு 413 வைத்தார்கள்: நாளுக்கு ஒன்றாக 365 வேலையாட்கள், பத்து நாள் கொண்ட அவர்கள் வாரத்துக்கு ஒன்றாக 36 மேற்பார்வையாளர்கள், மாதத்துக்கு ஒன்றாக 12 பேர். முப்பத்து மூன்று பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால் 30 வேலையாள், 3 மேஸ்திரி என்று பிரிக்கலாம். யார் மேஸ்திரி என்பதில் சண்டை வரும், அது உங்கள் பாடு.

ஆனால் உஷப்தியில் பெரும்பங்கு கொலுப் பொம்மைபோல் அச்சில் அழுத்தி எடுத்தவை. நாம் பார்க்கும் நீலப் பொம்மைகள் களிமண்ணும் அல்ல. அது ஃபயான்ஸ்: பொடித்த குவார்ட்ஸோடு கொஞ்சம் சுண்ணாம்பும் காரமும் சேர்ந்த பசை, நீலம் செம்பிலிருந்து வந்தது. பிள்ளைகள் மண்ணை உருட்டி, நீலம் பூசி, முகம் கீறினால் உஷப்தி ஆகிவிடும், சிற்பம் கற்றுக்கொண்டதாக ஆகாது. அச்சையும் அவர்களையே செய்யச் சொன்னால் கதை வேறு. மூல உருவம் காய்ந்ததும் டால்கம் பவுடர் தூவி ஈர மண்ணில் அழுத்தி எடுத்தால், மேடு பள்ளமாகவும் வலது இடதாகவும் மாறுவதைக் கண்ணால் பார்க்கிறார்கள்.

ஆறேழு வயதுக்கு நீர்யானையை அடிக்க ஆளில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ‘வில்லியம்’ என்ற செல்லப்பெயரோடு நிற்பது 20 செ.மீ. நீளம்தான். எகிப்தில் மெய்ர் என்ற இடத்துக் கல்லறைக்குரியது, வயது ஏறக்குறைய 3,900. உடம்பெல்லாம் கறுப்புக் கோட்டில் தாமரை. நைல் நதியில் அது படகைக் கவிழ்க்கும் மிருகம் என்பதால், மறுமையில் இறந்தவரைத் தாக்கிவிடாதபடி மூன்று கால்களை வேண்டுமென்றே உடைத்ததாக அருங்காட்சியகம் கருதுகிறது. இப்போது இருப்பவை பின்னால் பொருத்தியவை. கால் ஒடிந்து அழும் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பக்கத்துப் பிள்ளை தன் நீர்யானைக் காலையும் ஒடித்துக்கொண்டு வரும். கால்களைத் தனியாக ஒட்டாமல் உடம்பு மண்ணிலிருந்தே கிள்ளி இழுத்தால் அவ்வளவு சீக்கிரம் ஒடியாது. சூளையில் வைப்பதென்றால் வயிற்றை ஸ்பூனால் குடைந்துவிடுங்கள். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெடித்தால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து போகும்.

ஆன்ம வீட்டுக்கு வருகிறேன். 1907-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி எகிப்தில் ரிஃபே என்ற இடத்தில் தோண்டியபோது எளியவர்களின் புதைகுழிகளோடு இவை நிறையக் கிடைத்தன. முன்னால் முற்றம், பின்னால் தூண் வைத்த தாழ்வாரம், மாடிக்குப் படிக்கட்டு. முற்றத்தில் ரொட்டி, மாட்டுத் தலை, ஊற்றிய நீர் ஓட ஒரு வாய்க்கால். கல்லறை மண்டபமும் கல்லில் செதுக்கிய காணிக்கையும் வாங்க முடியாதவர்கள் அதையே மண்ணில் செய்து வைத்தார்கள். மற்ற மூன்றிலும் கல்லையோ ஃபயான்ஸையோ மண்ணால் போலி செய்கிறோம். இதன் மூலப்பொருளே நைல் மண். நான் இதைத் தேர்ந்தெடுக்க அதுவே முதல் காரணம்.

இரண்டாவது, இதில் எல்லா வேலையும் வந்துவிடுகிறது. இரண்டு ஸ்கேல்களுக்கு நடுவே மண்ணைச் சப்பாத்திக் கட்டையால் சீராகத் தேய்ப்பது, சுவர் நிற்குமளவு இறுகும்வரை பொறுப்பது, ஒட்டும் இரண்டு பக்கமும் கீறிக் குழைந்த சேற்றைத் தடவுவது, தூணுக்குக் கூரையின் எடையைக் கணக்கிடுவது. கூரை இடியும், நிச்சயம் இடியும். குச்சிச் சட்டத்தின் மேல் மண் பூசினார்கள், சுடும்போது குச்சி எரிந்துபோனது என்று பெட்ரி விளக்கியிருக்கிறார். ஐஸ் குச்சி கொடுத்தால் பிள்ளைகளே அந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள். நாலு பேருக்கு ஒரு வீடு போதும். காணிக்கைத் தட்டில் என்ன வைப்பது என்று விட்டுவிடுங்கள், மாட்டுத் தலைக்குப் பக்கத்தில் பிரியாணிப் பொட்டலம் வந்தாலும் தடுக்க வேண்டாம். “செத்தவங்களுக்குப் பசிக்குமா சார்?” என்ற கேள்வி இங்கேதான் வரும். ஜாடி செய்யும்போது வருவது “உவ்வே” மட்டும்தான்.

குறை உண்டு. ஒரே வகுப்பில் முடியாது. தட்டையான அடிப்பலகை காயும்போது மூலை தூக்கும், செய்தித்தாள் விரித்த மரப்பலகையில் வைத்து பிளாஸ்டிக் போர்த்தி மெதுவாக உலர்த்த வேண்டும். ஒன்றரை மணிநேரம்தான் கிடைக்கும் என்றால் பேசாமல் உஷப்தி செய்யுங்கள்.

மண்ணைப் பொறுத்தவரை, உப்பு மைதா மாவு மழைக்காலத்தில் நமத்துப்போகும், எறும்பும் வரும். கடையில் விற்கும் ஏர் டிரை களிமண் நீர்யானைக்கும் உஷப்திக்கும் சரி, வீட்டளவுக்கு விலை கட்டாது. குயவரிடம் பிசைந்த மண் வாங்கி, அவர் சூளையிலேயே ஓர் ஓரம் கேட்டுச் சுடுவது மலிவு. வாய்க்காலில் நீர் ஊற்றிப் பார்க்கும் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் வரும். அதற்குச் சுட்ட வீடுதான் தாங்கும், மற்றது கரைந்துவிடும்.