16 பிட் படமும் 8 பிட் பிளக்-இன்னும்: ஜிம்ப் 2.10 நெடுநாள் பயன்பாட்டில்

இலவசப் படத்திருத்த மென்பொருளான ஜிம்ப்பின் 2.10 பதிப்பு 2018 ஏப்ரலில் வந்தது. சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும்) 8 பிட் என்ற பழைய எல்லையை அது தாண்டியது. ஒளியளவைத் திருத்தும் கர்வ்ஸ், லெவல்ஸ், கூர்மையாக்கும் ஷார்ப்பன் எல்லாம் 16 பிட்டிலும் 32 பிட்டிலும் ஒழுங்காக ஓடுகின்றன. சிக்கல், கெகல் என்ற புதிய பட இயந்திரத்துக்கு மாற்றி எழுதப்படாத பழைய பிளக்-இன்களில் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்களில்) தான். அவற்றின் கைக்குப் போவது 8 பிட் தரவு. வேலை முடிந்த பிறகும் சன்னல் தலைப்பு 16 பிட் என்றே காட்டும். உள்ளே மிஞ்சுவது 256 படிகள். கேமராவின் 14 பிட் ரா கோப்பில் இருந்தவை 16,384.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: பிளக்-இன்னுக்குப் பிறகு கர்வ்ஸைச் செங்குத்தாக வளைத்து ஹிஸ்டோகிராமை (ஒளியளவுகளின் பரவலைக் காட்டும் வரைபடத்தை) பாருங்கள். சீப்புப் பல் போல இடைவெளி விழுந்தால் 8 பிட் புகுந்துவிட்டது. நீல வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிவதும் இதனால்தான்.

கர்வ்ஸை முதலில் முடித்துவிட்டு பிளக்-இன்னைக் கடைசியில் ஓட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். அப்படி முடியாதபோது, பிளக்-இன் செய்த மாற்றத்தை மட்டும் பிரித்தெடுக்கலாம். படத்தை நகலெடுத்து, நகலை 8 பிட்டாக்குங்கள். லேயரையும் நகலெடுத்து, கீழ் லேயரில் மட்டும் பிளக்-இன்னை ஓட்டுங்கள். இப்போது நகலை 32 பிட் ஃப்ளோட்டுக்கு (பின்ன மதிப்புகளையும் வைத்திருக்கும் வடிவத்துக்கு) உயர்த்தி, மேல் லேயரை, இரு லேயர்களின் வேறுபாட்டைக் காட்டும் 'கிரெயின் எக்ஸ்ட்ராக்ட்' முறையில் வையுங்கள். 'நியூ ஃப்ரம் விசிபிள்' தரும் சாம்பல் லேயரை மூலப் படத்தின் மேல் ஒட்டி, அந்த வேறுபாட்டைத் திரும்பச் சேர்க்கும் 'கிரெயின் மெர்ஜ்' ஆக்கினால் முடிந்தது. பிளக்-இன் தொடாத இடத்தில் மூலத்தின் 16 பிட் மதிப்பு அப்படியே நிற்கும்.

ஃப்ளோட்டுக்கு உயர்த்தும் படியைத் தாண்டிவிட வேண்டாம். வேறுபாடு இல்லாத இடம் நடுச் சாம்பலாக இருக்க வேண்டும்; 8 பிட்டில் சரியான நடு மதிப்பு கிடையாது, 127.5 என்பது 128 ஆகிவிடும், படம் முழுக்க அரைப் படி வெளுக்கும். இரண்டு லேயரும் ஒரே 8 பிட் நகலிலிருந்து வரவேண்டும் என்பதும் முக்கியம். தனித்தனியாக மாற்றினால் டிதரிங் (பட்டை தெரியாமலிருக்கத் தூவும் நுண்புள்ளி) புள்ளிகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாமல் இரைச்சலாகச் சேரும்.

நினைவகச் செலவு உண்டு. 6000×4000 படத்தில் ஆல்ஃபா (ஒளிபுகு சேனல்) இல்லாத ஒரு லேயர் 8 பிட்டில் 72 எம்பி, 16 பிட்டில் 144, 32 பிட்டில் 288. அன்டூ வரலாறு தனி. எனவே 32 பிட்டை அந்த இடைப்பட்ட வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. நினைவகம் போதாதபோது ஜிம்ப் பயன்படுத்தும் ஸ்வாப் கோப்புறை, வேகமான எஸ்எஸ்டி வட்டில் இருக்கட்டும்.

ஜேபெக் எப்படியும் 8 பிட்தான். முதலில் அளவைக் குறைத்து, பிறகு டிதரிங்கோடு 8 பிட்டாக்கி, 90-க்கு மேல் தரத்தில் ஏற்றுமதி செய்யுங்கள். வரிசை மாறினால், அளவு குறைக்கும்போதே டிதரிங் கலைந்துபோகும்.

2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0-இல் ஃபில்டர்களைப் பின்னால் திருத்த முடிகிறது. ஆனால் 2.10-இன் பிளக்-இன்கள் அதில் நேரடியாக ஓடாது. விட முடியாத பிளக்-இன் இருந்தால் 2.10-ஐயும் நீக்காமல் வைத்து, இரண்டுக்கும் இடையே 16 பிட் டிஃப் கோப்பாகப் பரிமாறலாம். லேயர்களைத் தட்டையாக்கி அனுப்புவது நல்லது.