நங்கநல்லூர் வீட்டில் ஒரு சிங்க் குழாய்

விமானம் நேரத்துக்கு வந்தது, பெட்டி வந்தது, டாக்ஸியும் வந்தது. அதையெல்லாம் விடுங்கள். அம்மா வீட்டுச் சமையலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

அறவே வரவில்லை என்றில்லை, சன்னமாக ஒழுகியது. ஒரு டம்ளர் நிறைவதற்குள் பால் பொங்கிவிடும். அம்மா பாத்ரூமிலிருந்து பக்கெட்டில் பிடித்து வந்து, சொம்பால் மொண்டு மொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "டேங்க் கழுவினதிலேர்ந்து இப்படித்தான்டா. நீதான் வரப்போறியேன்னு விட்டுட்டேன்."

நான் இருக்கும் கனடாவின் மிசிசாகாவில் பிளம்பர் வாசலை மிதித்தாலே நூறு டாலருக்கு மேல் போய்விடும். அந்தப் பயத்திலேயே அங்கே நாங்கள் எல்லோரும் அரை பிளம்பர்கள். முதலில் மற்ற குழாய்களைத் திறந்து பார்த்தேன். பாத்ரூமில் நன்றாகக் கொட்டியது, ஆக மோட்டார் மீதும் டேங்க் மீதும் பழி போட முடியாது. அடுத்து சிங்க்குக்குக் கீழே, குழாய்க்குப் போகிற தண்ணீரை மூடித் திறக்கிற ஆங்கிள் காக். ஆர்.ஓ. மாட்ட வந்தவர்கள் பாதி மூடிவிட்டுப் போவது உண்டு. அதுவும் முழுசாகத் திறந்துதான் இருந்தது. மிச்சம், குழாயின் மூக்கில் இருக்கிற வலை. அது உப்பேறி இறுகிக் கிடந்தது. வீட்டில் இருந்ததோ ஒரு துருப்பிடித்த கட்டிங் பிளேயர். அண்ணன் ஆசையாக வாங்கிப் போட்ட குழாய், கீறல் விழுந்துவிடும் என்று அம்மா கையைப் பிடித்துவிட்டாள்.

சரி, ஆப்பில் ஆள் கூப்பிடலாம் என்றால், சொன்ன மணிக்கு டாணென்று ஒரு பையன் வந்து நிற்கிறான்! சீருடை, ஷூவுக்கு மேல் உறை, மரியாதையான பேச்சு. நான் விட்டுப் போன மெட்ராஸா இது என்று பூரித்துப் போனேன். அந்தப் பூரிப்பு அஞ்சு நிமிஷம் நீடித்தது. குழாயைத் திறந்தான், மூடினான், போட்டோ எடுத்தான். "பிரஷர் கம்மி சார். மொட்டை மாடில பிரஷர் பம்ப் வெச்சா சரியாயிடும்." எஸ்டிமேட் 18,000 ரூபாய். பையிலிருந்து ஒரு ஸ்பேனரைக்கூட வெளியே எடுக்கவில்லை.

அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் எரிச்சல். எங்களுடையது மேல்மாடி, தலைக்கு மேலேயே டேங்க். பத்தடி உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு 0.3 பார் அழுத்தம்தான் இருக்கும். மிசிசாகாவில் ஒன்டாரியோ ஏரித் தண்ணீரை பம்ப் பண்ணி நேராக வீட்டு லைனிலேயே தள்ளுகிறார்கள், இதைப்போலப் பல மடங்கு வேகம். ஆனால் டேங்க் கழுவுகிற வரைக்கும் இதே பத்தடியில் ஒழுங்காகத்தானே வந்தது? நடுவில் டேங்க் கீழே இறங்கிவிட்டதா? கேட்டதற்கு, "கம்பெனில இப்படித்தான் சார் சொல்லச் சொல்லியிருக்காங்க" என்றான். பாவம், அவனைத் திட்டி என்ன பயன்.

பிறகு பழைய வழி. முக்குக் கடை ஹார்ட்வேர் அண்ணாச்சி ஒரு பெரியவரின் நம்பர் கொடுத்தார். "ஆதம்பாக்கம் தாண்டிட்டேன் சார், இதோ வந்துட்டேன்" என்று காலையில் சொன்னவர் விளக்கு வைத்த பிறகு வந்தார். ஆதம்பாக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தாலும் டிபனுக்கு வந்து சேர்ந்திருக்கலாம்.

வந்தவர் பேசவில்லை. குழாய் மூக்கில் ஈரத்துணியைச் சுற்றி, அதன்மேல் ஸ்பேனர் வைத்து, அழுத்தாமல் ஒரு திருகு. வலை கழன்று வந்தது. கீறல் இல்லை. உள்ளங்கையில் தட்டிக் காட்டினார். வெள்ளை வெள்ளையாக உப்புப் பொருக்கு, நடுவே கறுப்பு மண், பிய்ந்துபோன டெஃப்லான் டேப் ஒரு துணுக்கு. வலை இல்லாமல் குழாயைத் திறந்தார். சிங்க்கில் கொட்டிய வேகத்தில் என் சட்டை நனைந்தது.

"டேங்க் கழுவினா, மொதத் தண்ணிய வலை இல்லாத பாத்ரூம் குழாயில தொறந்து உட்டுடணும்மா. இல்லாட்டி அடி மண்ணு எல்லாம் இங்க வந்துதான் நிக்கும்." வெள்ளைப் பொருக்கு வேறு கதை. கோடையில் மெட்ரோ வாட்டர் போதாமல் சம்ப்பில் போர் தண்ணீரையும் கலக்கிறார்கள், அந்த உப்பு. வினிகர் இருக்கா என்றார். அம்மா பிழிந்த எலுமிச்சை மூடிகளை வெந்நீரில் போட்டுக் கொண்டுவந்தாள். அதில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினார்.

மாம்பலத்தில் பாட்டி வீட்டுப் பித்தளைக் குழாயின் வாயில் வேட்டித் துணி கட்டியிருக்கும். கறுத்ததும் பாட்டி அவிழ்த்து, மண்ணை உதறி, துவைத்துக் கட்டுவாள். இந்த வலையும் அந்தத் துணியேதான், கூடவே கொஞ்சம் காற்றைக் கலந்து நுரையாக விழவைக்கிறது. துணியின் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தது. இது உள்ளே ஒளிந்திருப்பதால் 18,000 ரூபாய் பம்ப் வரைக்கும் போகிறது.

எவ்வளவு என்று கேட்டால், "பார்த்துக் குடுங்க சார்." இதற்கு எனக்கு என்றைக்கும் பதில் தெரிந்ததில்லை. கனடாவில் பில்லைப் பார்த்தால் வயிறு எரியும், இங்கே பில் இல்லாமலே எரிகிறது. ஐந்நூறு கொடுத்தேன். அவர் படி இறங்கினதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "முந்நூறுதான்டா அவர் ரேட்டு. நீ ஏத்தி விட்டுட்டு பிளைட் ஏறிடுவ. அடுத்த தடவை நான்னா குடுக்கணும்?"

அசோசியேஷன் செயலாளரிடமும் போய்ச் சொன்னேன், இனி டேங்க் கழுவினால் முதல் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள் என்று. "மீட்டிங்ல வெச்சுப் பேசலாம், எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். மீட்டிங் எப்போது என்று கேட்டதற்கு, கோரத்துக்கு வேண்டிய ஆள் சேரட்டும் என்கிறார்.